முதலில் சோறு, பிறகு நூலகம்

தலவாக்கலையில் மழை பிடித்துக்கொண்டால் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில் நான் திறப்பது சிவிலைசேஷன் 5, நகரங்கள் கட்டி ஒரு நாகரிகத்தை வளர்க்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு. 2010இல் வந்த விளையாட்டுதான், ஆனால் என் பழைய லேப்டொப்பில் தடங்கலில்லாமல் ஓடும், டர்ன் டர்னாக, அதாவது முறை வைத்து ஆடுவதால் அவசரமும் இல்லை, கரண்ட் போனாலும் ஓட்டோசேவ் இருக்கும்.

போன கிழமை சித்தி மகன் தன் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, நான் எப்பவும் சயன்ஸுக்குத்தான் முதலிடம் கொடுக்கிறேன், ஆனா எப்பவும் எல்லாருக்கும் பின்னாலதான் நிக்கிறேன்" என்றான். திறந்து பார்த்தேன். ஐந்து நகரங்கள், ஐந்திலும் நூலகம், மூன்றில் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருக்கிறான். கட்டடத்தில் குறையே இல்லை. ஆனால் ஒரு நகரத்திலும் ஐந்து பேருக்கு மேல் ஆளில்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த விளையாட்டில் புதுத் தொழில்நுட்பங்களைக் கண்டுபிடிக்க உதவும் அறிவியல் புள்ளி கட்டடத்திலிருந்து வருவதில்லை, தலையிலிருந்து வருகிறது. ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி. நூலகம் கட்டினால் இரண்டு பேருக்கு ஒரு புள்ளி மேலதிகமாகக் கிடைக்கும். ஐந்து பேர் இருக்கும் நகரத்தில் நூலகம் இருந்தால் 7, அதே நூலகம் பத்துப் பேர் இருக்கும் நகரத்தில் 15. அதற்கு மேல் பல்கலைக்கழகம் 33 வீதம் கூட்டித் தரும், 7இல் அது கிட்டத்தட்ட 2, 15இல் 5. செலவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆராய்ச்சிக்கு முதலிடம் என்றால் முதல் நாற்பது ஐம்பது டர்ன் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு விளங்கவைக்கத்தான் எனக்கு அரை மணித்தியாலம் போனது. அவனுடைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் மலையில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்திலேயே ஆற்றங்கரை நிலம் சும்மா கிடந்தது. ஆற்றோரம் பண்ணை, தானியக் களஞ்சியம், அப்புறம் களஞ்சியம் உள்ள நகரத்திலிருந்து தலைநகருக்கு உணவு ஏற்றிப்போகும் வண்டி, இந்த மூன்றையும் நான் எந்த ஆட்டத்திலும் விடமாட்டேன். ஆள் கூடினால் மகிழ்ச்சி குறையும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், மைனஸில் இறங்கினால் வளர்ச்சி படுத்துவிடும்.

நகரங்களை அள்ளித் தெளிப்பதும் சரிவராது. 2013இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்டு என்ற விரிவாக்கத்துக்குப் பிறகு, சாதாரண அளவு வரைபடத்தில் ஒவ்வொரு புது நகரத்துக்கும் தொழில்நுட்பத்தின் விலை 5 வீதம் ஏறுகிறது. எல்லா நகரத்திலும் நூலகம் இருந்தால்தான் ஒரு நகரத்தில் தேசியக் கல்லூரி கட்டலாம், அது அந்த நகரத்தின் அறிவியலை 50 வீதம் கூட்டும். ஆகவே நான் இரண்டு மூன்று நகரத்தோடு நின்று, கல்லூரியைத் தலைநகரில் முடித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு ஆள் அனுப்புவேன்.

அவன் செய்த இன்னொரு வேலை என்னை உண்மையிலேயே வருத்தியது. தெற்கு நகரத்தைச் சுற்றி அடர்ந்த மழைக்காடு (ஜங்கிள்) இருந்திருக்கிறது, முழுவதையும் வெட்டித் தள்ளிவிட்டான். பல்கலைக்கழகம் உள்ள நகரத்தில், ஆள் வேலை செய்யும் ஒவ்வொரு மழைக்காட்டுக் கட்டமும் 2 அறிவியல் தரும். ஆறு கட்டம் என்றால் 12. காட்டை வெட்டாமலே அதில் வணிகச் சாவடி போடலாம், காசும் வரும். காட்டை அழித்து முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட மலையில் பிறந்தவன் நான், அந்தக் கட்டங்களை வெட்ட எனக்குக் கை வராது.

கோப்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் கோப்பி இலைத் துரு நோய் தெரியவந்தது 1869இல். அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்து சேர்ந்தது 1880இல். நோய்க்கும் அவர் வருகைக்கும் நடுவில் பதினொரு வருடம், அதற்குள் தோட்டம் தோட்டமாக அழிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் சென்ட் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம்கூட 1925இல்தான் தொடங்கியது. ஆபத்து வந்த பிறகு ஆராய்ச்சியை ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று இந்த மலைக்கு நன்றாகத் தெரியும். விளையாட்டிலும் அப்படித்தான், பக்கத்து நாட்டுக்காரன் பீரங்கியோடு வந்து நின்ற பிறகு நூலகம் கட்டிப் பிரயோசனமில்லை.

விளையாட்டில் இடையிடையே கிடைக்கிற பெரிய விஞ்ஞானிகள் (கிரேட் சயன்டிஸ்ட்) என்ற சிறப்பு ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவரைச் செலவழித்தால் கடைசி 8 டர்ன்களில் சேர்த்த அறிவியல் அப்படியே திரும்பக் கிடைக்கும். அதனால் நடு ஆட்டத்தில் கிடைக்கிறவர்களை வைத்திருந்து, ஆய்வுகூடங்கள் கட்டி எட்டு டர்ன் போன பிறகு வரிசையாக விடுங்கள், அறிவியல் வெற்றிக்குத் தேவையான அப்பல்லோ திட்டத்துக்கும் விண்கலத்தின் ஆறு பாகங்களுக்கும் அது பெரிய பாய்ச்சல்.

தம்பி அதே வரைபடத்தில் திரும்பத் தொடங்கினான். நேற்று இரவு போன் எடுத்தான். தலைநகரில் 14 பேர், காடு அப்படியே இருக்கிறது, பல்கலைக்கழகம் முடிய மூன்று டர்ன். ஆனால் எல்லையில் பக்கத்து நாட்டு ஜூலு அரசன் ஷாகாவின் ஈட்டிக்காரர்கள் கூடிவிட்டார்களாம். பல்கலைக்கழகத்தை நிறுத்தவா என்று கேட்டான். நிறுத்தாதே, காசு கொடுத்து இரண்டு வில்லாளிகளை வாங்கு, மதிலை இரண்டாவது நகரத்தில் எழுப்பு என்றேன். பின்னால் சித்தி சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "மூணு டர்ன்தானேம்மா" என்றான்.