கரூ ஆற்றங்கரையில் முயலுக்கு ஒரு புதர்க்காடு

தென்னாப்பிரிக்காவில் கரூ என்னும் வறண்ட நிலப்பகுதியில் இருக்கும் சிற்றூர் லாக்ஸ்டன். அங்கே போய்த் திரும்பிய கையோடு எழுதுகிறேன். முதலில் வண்டிக் கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனம் ஆறாது. கேப் டவுனிலிருந்து போஃபர்ட் வெஸ்ட் வரை 460 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏசி ஓடவில்லை, ஜன்னலையும் திறக்க முடியாது. டர்பனிலிருந்து வந்திருந்த மாமா, "கண்ணு, காசு கொடுத்து வேகுறோமே" என்றார். அங்கிருந்து வாடகைக் கார். பேசிய தொகை ஒன்று; மோல்ட்டினோ கணவாய் தாண்டி மண் சாலை வந்ததும் டிரைவர் கேட்டது இரு மடங்கு. நடுவழியில் இறங்கி நடக்கவா முடியும்? கொடுத்தோம். சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பங்கு அதோடு போயிற்று. அப்பட்டமான அநியாயம்.

இவ்வளவும் ஆற்றோர முயலுக்காக. தென்னாப்பிரிக்காவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், வாயோரத்திலிருந்து காது வரை கரும்பழுப்புக் கோடு. இரவில்தான் வெளியே வரும். ஆற்றோர வண்டல் மண் மெத்தென்று இருந்தால்தான் தாய் முயல் வளை தோண்டிக் குட்டி போட முடியும். அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. வளை வாயை மண்ணாலும் சுள்ளியாலும் அடைத்துவிட்டு மேயப் போகும்.

சிக்கல் என்னவென்றால், கரூவில் உழவுக்கு ஏற்றதும் அதே வண்டல்தான். குதிரைமசால் தீவனத்துக்கும் கோதுமைக்கும் கரைகளை உழுதார்கள், மேலே அணை கட்டினார்கள், மிச்சப் புதரை ஆடுகள் மேய்ந்தன. நூறு வருடத்தில் பாதிக்கு மேல் வாழிடம் போய்விட்டது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பாலூட்டிகளில் இதுவும் ஒன்று.

நாங்கள் போன பண்ணையில், முயலுக்காக மறுபடி புதர் வளர்க்கும் கைவிட்ட வயல் ஒன்றைக் காட்டினார்கள். மேல்மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. விரலால் குத்தினால் நகம்தான் வலிக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், விதையும் கூடவே போய்விடும். அதனால் அரைவட்டக் குழிகள் வெட்டி, மேலே முள்கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். நான் ஒரு கிளையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஈரம்! சாம்பல் பச்சையில் கானா (ganna) என்னும் கரூப் புதரின் கன்று, சுண்டுவிரல் உயரம். ஆடு வாய் வைக்காமல் முள் காக்கிறது, வெயிலுக்கு நிழலும் அதுவே. சிங்கம் பார்க்க ஆயிரக்கணக்கில் ராண்ட் கொட்டுபவர்கள் ஒருமுறை இங்கே வந்து இந்தக் கன்றைப் பார்க்கட்டும். முயலை எங்கிருந்தோ பிடித்து வந்து விட்டால் மட்டும் பிழைக்காது. புதர் வேண்டும், கரைக்குக் கரை தொடர்ந்து வேண்டும்.

முயல் கண்ணில் படவில்லை. தானியங்கி கேமராவில் பதிந்த படத்தைக் காட்டினார்கள். அந்தக் கோடு அச்சாகத் தெரிந்தது. மாமா போனை வாங்கி வாங்கிப் பார்த்தார்.

அப்புறம் சாப்பாடு! கரூ ஆட்டிறைச்சியை விறகுத் தணலில் வாட்டினார்கள். மாமா பையிலிருந்து டர்பன் மசாலா டப்பாவை எடுத்ததும் பண்ணைக்காரரே ஆளுக்கு முந்தித் தட்டை நீட்டினார். கறிக்கே ஒரு மூலிகை வாசம், அது மேய்ந்த புதர்களின் வாசம்.

செலவு விவரம் எழுதுவதாக இருந்தேன், முயலிலேயே இடம் போய்விட்டது. சுருக்கமாக: நான்கு பேராகச் சேர்ந்து சொந்தக் காரில் போங்கள், போஃபர்ட் வெஸ்டிலேயே பெட்ரோல் நிரப்புங்கள், கூடுதல் டயர் அவசியம். வாடகைக் கார் என்றால் மண் சாலைக்கும் சேர்த்துத் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.