நூறு மாத்திரை, எழுபது நாள்

காலையில் ஒன்று என்ற கணக்கில் நூறு நாள் வர வேண்டிய அம்மாவின் தைராய்டு மாத்திரை டப்பா, எழுபதாவது நாளே காலியாகியிருந்தது. அதே வாரத்தில், சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி செவ்வாய்க்கிழமையன்றே வெள்ளியைக் காட்டியது. கிழித்ததை மறந்து அம்மா மறுபடியும் கிழித்திருந்தார். மாத்திரையையும் அப்படியேதான் விழுங்கியிருந்தார். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 0.06 என்று வந்தது, இயல்பைவிட மிகக் குறைவு. தைராய்டைத் தூண்ட மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் இது; உடலில் தைராய்டு கூடினால் இது குறையும். ஒன்றரை ஆண்டாக அதைப் பரிசோதிக்காமல் விட்டது என் தவறு.

தைராய்டு குறைந்தால் மறதி வரும் என்பது பழைய செய்தி. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், மனநோயாளிகளாகக் கருதப்பட்ட 14 பேருக்கு உண்மையில் தைராய்டுச் சுரப்புதான் வற்றியிருந்தது என்று 1949-இல் எழுதினார். மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தெளிந்தனர். மறதி என்று யார் போனாலும் வைட்டமின் பி12 உடன் டி.எஸ்.எச். பரிசோதனையையும் மருத்துவர்கள் எழுதித் தருவது இதனால்தான். ஆனால் சுரப்பு கூடினாலும் மூளைக்கு ஆகாது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், மறதி நோய் இல்லாத 1,864 பேரைச் சராசரியாகப் பன்னிரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில் 209 பேருக்கு அல்சைமர் வந்தது. 2008-இல் வெளியான அதன் முடிவின்படி, டி.எஸ்.எச். 1.0-க்குக் கீழே இருந்த பெண்களுக்கும் 2.1-க்கு மேலே இருந்த பெண்களுக்கும் நோய் வரும் வாய்ப்பு, இடையில் இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆண்களிடம் இந்தத் தொடர்பு தென்படவில்லை. இந்த இரண்டு எல்லைகளுமே பரிசோதனைக் கூடங்கள் 'இயல்பு' என்று அச்சிடும் வரம்புக்குள் அடங்குபவை என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹொனலுலுவில் ஜப்பானிய வம்சாவளி முதியவர்களிடம் நடந்த ஆய்வோ இன்னும் ஒரு படி மேலே போனது: உயிரோடு இருந்தபோது டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதிகமாக இருந்தவர்களின் மூளைகளில், இறந்தபின் அல்சைமருக்கே உரிய படிவுகளும் நரம்பிழை முடிச்சுகளும் கூடுதலாகக் காணப்பட்டன.

மூளைக்குள் டி4, டி3 என்ற வீரியமான வடிவமாக மாறி உயிரணுக்களின் மரபணுக்களை இயக்குகிறது. அல்சைமர் படிவுகளில் சேரும் அமிலாய்டு உருவாவதற்கு மூலமான புரதத்தின் உற்பத்தியை டி3 அடக்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சுரப்பு குறைந்தால் ஏன் கெடுதல் என்பதற்கு இது ஓரளவு விளக்கம். மிகுதியாக இருந்தால், இதயத் துடிப்பு தாறுமாறாகி ரத்தக்கட்டி மூளைக்குப் போகும் அபாயம் கூடுகிறது.

எனினும், எது முதலில் என்ற கேள்வி தீரவில்லை. மூளை நோயே பிட்யூட்டரியைப் பாதித்து டி.எஸ்.எச்.-ஐக் குறைக்கக்கூடும். எங்கள் வீட்டிலோ விடை இன்னும் எளிமையானது: மறதி மாத்திரையைக் கூட்டியது, மாத்திரை டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தது. அறிக்கையை மட்டும் பார்ப்பவர் இதைத் தலைகீழாகப் படித்துவிடலாம். மாத்திரையைக் கூட்டினால் நினைவாற்றல் வளரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. லேசான தைராய்டு குறைவு உள்ள 65 வயது கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், லீவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை அவர்களுடைய சோர்வைக்கூடக் குறைக்கவில்லை.

இப்போது டப்பா என் அலமாரியில் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து, காபிக்கு ஒரு மணி நேரம் காக்கச் சொல்கிறேன், அதற்குள் இரண்டு முறை, "காபி எங்கே?" என்று கேட்டுவிடுகிறார். இரண்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 2.3. படபடப்பு நின்றுவிட்டது, தூக்கமும் வருகிறது. நாட்காட்டி மட்டும் இன்றைக்கும் ஒரு நாள் முன்னால் இருக்கிறது. அதற்காக நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த புதன்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.