35-லிருந்து 29-க்கு: எம்எக்ஸ்-5 டயருக்குச் சரியான காற்று

எந்தக் கார் என்று பார்க்காமல் நாலு டயருக்கும் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அடித்து அனுப்புவது பரவலான பழக்கம். கனமான குடும்பக் காரில் அது பெரிதாகத் தெரியாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஆயிரம் கிலோவைக் கொஞ்சமே தாண்டும் காரில் உடனே தெரியும். வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் போதும், பின்பக்கம் துள்ளி அரை அடி வெளியே தள்ளிப் போய் உட்காரும். இதை சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்து ஷாக் அப்சார்பரை மாற்றுகிறவர்களும் உண்டு. முதலில் காற்றைப் பாருங்கள்.

இங்கே சோதித்தது நான்காம் தலைமுறைக் கார், 205/45 ஆர்17 டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னும் பின்னும் 200 கிலோபாஸ்கல், அதாவது 29 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. முதல் தலைமுறைக் காருக்கு இது வெறும் 26. டயரின் பக்கச்சுவரில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சம். காருக்கான பரிந்துரை அல்ல. இந்த டயரின் சுமைக் குறியீடு 84, அதாவது முழு அழுத்தத்தில் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். ஓட்டுநர் ஏறிய பிறகும் இந்தக் காரில் ஒரு டயருக்கு விழுவது ஏறக்குறைய 280 கிலோதான். எடை இவ்வளவு குறைவாக இருக்கும்போது காற்றைக் கூட்டினால் ட்ரெட், அதாவது சாலையைத் தொடும் பட்டை, நடுவில் புடைத்துக்கொள்ளும், ஓரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்காது.

முதல் வேலை அளவுகோலைச் சரிசெய்வது. கையில் இருந்த இரண்டு கேஜ்கள் ஒரே டயரில் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டின. எது சரி என்று ஆராய்வதைவிட, ஒன்றை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே பயன்படுத்துவது முக்கியம். 0 முதல் 60 வரையுள்ள, காற்றை இறக்கும் பட்டன் வைத்த டயல் கேஜ் இந்த வேலைக்கு வசதி. 150 வரை போகும் கேஜில் அரை பிஎஸ்ஐயைக் கண்ணால் பிரிக்க முடியாது.

‘குளிர்ந்த டயர்’ என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல், நிழலில் நின்ற டயர். வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்கத்து இரண்டு டயரும் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலை இடது வலது சமமாக இருக்காது. பத்து டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் குறிப்பேட்டில் அழுத்தத்தோடு அந்த நேரத்து வெப்பநிலையையும் எழுதியே ஆக வேண்டும். கம்பிரஸர் இல்லாமல் பங்க்குக்குப் போய்க் காற்று பிடிப்பவர்களுக்கு ஒரு வழி: கிளம்பும் முன்பே அளந்து, எந்த டயருக்கு எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் டயர் சூடாகியிருக்கும். சொந்தக் கேஜில் அப்போது காட்டும் எண்ணோடு அந்தக் குறையை மட்டும் கூட்டுங்கள்.

இனி சோதனை. நாலு டயரிலும் ஷோல்டரில் (ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) மூன்று இடங்களில், ட்ரெட் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் கோடு இழுத்தோம். பல டயர்களில் அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். மூடிய மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், சாக்பீஸ் முக்கோணத்தின் முனை வரை அழிந்திருக்க வேண்டும். 35-ல் ட்ரெட் விளிம்பிலேயே வெள்ளை அப்படியே இருந்தது. 32-ல் ஸ்டீயரிங் கூர்மை அருமை, ஆனால் பிரேக் பிடிக்கும்போது முன் டயர் சீக்கிரமே வழுக்கியது. 29-ல் கோடு முனையைத் தொட்டு நின்றது. 26-ல் முக்கோணத்தைத் தாண்டிப் பக்கச்சுவர் எழுத்து வரை தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் கார் ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பியது. பக்கச்சுவர் மடங்குவதன் அடையாளம் அதுதான்.

சாக்பீஸ் தோராயம். துல்லியத்துக்கு ஊசி முனை வெப்பமானி வேண்டும். அகச்சிவப்புத் துப்பாக்கி மேல்தோலின் சூட்டை மட்டும் காட்டும், அது சில நொடிகளில் ஆறிவிடும்; ஊசியோ ரப்பருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கி அளக்கும். டிராக்கில் ஐந்து சுற்று முடித்து, நிதானமாக ஒரு சுற்று வராமல் நேரே பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) வந்து, வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்ற வரிசையில் அளக்க வேண்டும். 29-ல் கிளம்பிய இடது முன் டயர் திரும்பியபோது 35 காட்டியது. வெப்பம் 74, 83, 81 டிகிரி செல்சியஸ். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி, உள்பக்கம் சாய்ந்திருப்பதால் உள் ஓரம் ஐந்தாறு டிகிரி கூட இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது, இரண்டு ஓரங்களின் சராசரியையும் நடுவையும். சராசரி 77.5, நடு 83. காற்று அதிகம்.

சூடாக இருக்கும்போதே 32-க்கு இறக்கி மறுபடி ஓட்டியதில் 77, 80, 83 வந்தது. சராசரியும் 80, நடுவும் 80. இதற்கு மேல் நோண்டத் தேவையில்லை. வலது முன் டயர் 34 வரைதான் ஏறியிருந்தது, ஏனென்றால் டிராக்கில் வலப்பக்க வளைவுகளே அதிகம், சுமை முழுதும் இடது டயரில் விழுகிறது. அதனால் சூட்டில் சமமாக 32 வைத்தால், ஆறியபின் இடது 26.5, வலது 27 என்று வேறுவேறாகத்தான் நிற்கும். அது பிழையல்ல. அடுத்த முறை அந்த டிராக்குக்குப் போகும்போது இந்தக் குளிர் எண்களிலேயே தொடங்கலாம், வெப்பநிலை அதேபோல இருந்தால்.

வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, பின்பக்கம் வீசுகிறது என்ற குறைகளுக்கும் காற்றில் கொஞ்சம் மருந்து உண்டு. எந்தப் பக்கம் பிடி போகிறதோ அந்தப் பக்கம் ஒரு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள். பலன் இல்லாமல் ஸ்டீயரிங் மந்தமானால் பழையபடி ஏற்றிவிடுங்கள். ஒரே நேரத்தில் முன்னையும் பின்னையும் மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க முடியாது.

மழையில் மட்டும் இறக்கும் ஆசையே வேண்டாம். தேங்கிய நீர்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்று நாசா 1960-களில் விமான டயர்களை வைத்துக் கண்டது. அந்தக் கணக்கில் 32-க்கு மணிக்கு 94 கிலோமீட்டர், 26-க்கு 85. டயரின் அகலமும் ட்ரெட் ஆழமும் எண்ணை மாற்றும், ஆனால் குறைந்த காற்றில் சீக்கிரம் மிதக்கும் என்பது மாறாது.

டிராக்கில் இறக்கிய காற்றோடு அப்படியே சாலையில் ஏறக் கூடாது. அந்த 26.5 குளிர்ந்தபின் ஸ்டிக்கர் எண்ணைவிடக் கீழே. கிளம்பும் முன் நாலு டயரையும் ஆறவிட்டு 29-க்கு ஏற்றுங்கள், வால்வில் எச்சில் அல்லது சோப்புத் தண்ணீர் தொட்டுக் குமிழ் வருகிறதா பாருங்கள், மூடியைப் போடுங்கள். சக்கரச் சுழற்சியை ஒப்பிட்டு எச்சரிக்கும் வகை சென்சார் இருந்தால், காற்றை மாற்றியபின் அதை ரீசெட் செய்யாவிட்டால் பழைய எண்ணையே சரி என்று வைத்துக்கொண்டிருக்கும்.