அரக்கு வெளிறிய வாரம்

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் 22 வருடமாக நிற்கிறேன். போன ஆடித் தள்ளுபடியின்போது இடது கண்ணைத் திருப்பினாலே உள்ளே ஆழத்தில் வலி. கண் சிவக்கவில்லை, பீளையும் இல்லை. பவர் மாறியிருக்கிறது என்று கண்ணாடிக் கடையில் சொன்னார்கள். புதுக் கண்ணாடி போட்டும் வலி போகவில்லை.

ஐந்தாம் நாள், ஆவணிக் கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர்களுக்கு ஒரு அரக்குப் புடவையை விரித்தேன். வலது கண்ணில் ஏதோ விழ, அதைக் கசக்கிக்கொண்டே பார்த்தால், அரக்கு பழைய செங்கல் மாதிரி வெளிறிக் கிடந்தது. கையை எடுத்தேன், நிறம் திரும்பிவிட்டது. வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் காலையிலேயே எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. 1819-இல் தொடங்கியது, என் பாட்டிக்குப் புரை எடுத்ததும் அங்கேதான். டாக்டரம்மா டார்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். வெளிச்சம் பட்டால் கண் பாப்பா சுருங்க வேண்டும். இடது கண்ணுக்கு டார்ச் வரும்போது அது விரிந்ததாம். நரம்பு வேலையில் கோளாறு என்பதற்கு அதுவே அடையாளம் என்றார்.

மருந்து செலுத்தி எடுத்த எம்ஆர்ஐயில், பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை மட்டும் வளையமாக வெளுத்துத் தெரிந்தது. நடுவில் நரம்பு கறுப்பாகவே இருந்தது. அழற்சி நரம்பில் இல்லை, உறையில். காசநோய், சிபிலிஸ், சார்காய்டு (உறுப்புகளில் சிறு கட்டிகளாக அழற்சி வரும் நோய்), மாக் ஆன்டிபாடி (உடம்பே தன் நரம்பைத் தாக்க உண்டாக்கும் பொருள்) என்று வரிசையாகப் பரிசோதனை. சிபிலிஸ் என்றதும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த உறையைத் தாக்கும் நோய்களில் அதுவும் ஒன்று, எல்லோருக்கும் பார்ப்போம் என்று டாக்டரம்மா அவளுக்கும் பொறுமையாக விளக்கினார். அந்த நிதானத்தை மறக்க மாட்டேன். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 1 கிராம், மூன்று நாள் டிரிப்பில். இரண்டாம் நாளே வலி விட்டது. அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை. அங்கேதான் தப்பு செய்தேன். முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று மூன்றாம் வாரம் நானாகவே நிறுத்திவிட்டேன். பத்தே நாளில் வலி திரும்பியது. இந்த வகை அழற்சி ஸ்டீராய்டுக்குச் சட்டென்று அடங்கும், வேகமாகக் குறைத்தால் திரும்ப வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மறுபடி டோஸ் ஏற்றி, இந்த முறை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். சர்க்கரையை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணை அசைத்தால் வலி, ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு நிறம் மங்கலாகத் தெரிவது. இரண்டும் சேர்ந்து வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், தயவுசெய்து நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். எனக்கு ஐந்து நாள் வீணானது.

இப்போது 5 மில்லிகிராமில் இருக்கிறேன். காலையில் ஷட்டர் தூக்கியதும், ஒரு கண்ணை மூடி அரக்கு அடுக்கைப் பார்க்கிறேன். அப்புறம் மறு கண். தை பிறந்ததும் அடுத்த செக்கப்.