பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பழைய தேர், அதில் ஒரு பூனைச் சாமியார்

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பூனையைச் சொல்லாமல் பஸ் விவரம் எழுத மனசு வரவில்லை.

பாலக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். பெயரைப் போட வேண்டாம் என்று பூசாரி கேட்டுக்கொண்டார். தேர்ச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர் பயம் நியாயமானது. தகரக் கொட்டகைக்குள் நிற்கிற மரத்தேர். எண்ணெயும் தூசியும் ஏறி இலுப்பை மரம் கன்னங்கரேல் என்றிருக்கிறது. மேல் அடுக்குகளில் தெய்வங்கள், யாளிகள், குதிரை வீரர்கள். குனிந்து பார்க்க வேண்டியது கீழ் வரிசையை.

ஒரு சாண் பலகையில் பூனை ஒன்று பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் குவித்துத் தவம் செய்கிறது. உச்சியில் சடை, கழுத்தில் உருத்திராட்சம், பிதுங்கிய தொப்பை. எதிரே மூன்று எலிகள் கும்பிட்டு நிற்கின்றன. பூனைக்கு ஒரு கண் மூடியிருக்கிறது. மற்றதை ஆசாரி பாதி திறந்து விட்டிருக்கிறார். உளி நுனியால் ஒரே ஒரு பிறைக் கீறல்தான், பார்வை நேராகக் கொழுத்த எலி மேல் விழுகிறது. என் தம்பி செல்போன் டார்ச்சை அடித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது: அந்த எலியின் வால் பூனையின் பாதத்துக்கு அடியில் இருக்கிறது!

பக்கத்துப் பலகை இன்னும் துணிச்சல். பல்லக்கில் சாய்ந்திருக்கிறார் ஒரு சாமியார், கையில் கமண்டலம். சுமப்பவர்களுக்கு விலா எலும்பு எண்ணலாம். முன்னால் போகிறவன் நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிறான். மடாதிபதியை மனிதர்கள் பல்லக்கில் சுமக்கலாமா என்று 2022இல் மயிலாடுதுறையில் பெரிய வாக்குவாதம் நடந்தது, தடை போட்டு அப்புறம் விலக்கினார்கள். இந்த ஆசாரி தன் கருத்தை அதற்கு வெகுகாலம் முன்பே மரத்தில் சொல்லிவிட்டார், அதுவும் சாமி ஏறி வருகிற தேரிலேயே.

பூனைக்கு நீளமான வம்சம் உண்டு. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்கிற 7ஆம் நூற்றாண்டுப் பாறையில் (பகீரதன் தவம் என்பவர்களும் உண்டு) கீழே ஒரு பூனை இதே மாதிரி கை தூக்கி நிற்கும், சுற்றி எலிகள். மகாபாரதத்தில் உத்தியோக பர்வத்தில், தருமரைப் பொய் வேடக்காரர் என்று ஏசத் துரியோதனன் தன் தூதன் உலூகனிடம் சொல்லி அனுப்புகிற கதையும் இதுதான். கங்கைக் கரையில் தவசி வேடம் போட்ட பூனை, நம்பி அடைக்கலம் வந்த எலிகளைத் தின்று கொழுக்கிறது. பல்லவ ராஜா மகேந்திரவர்மனே மத்தவிலாசப் பிரகசனம் என்கிற கேலி நாடகத்தில் ஒரு குடிகாரக் காபாலிகனை, அதாவது மண்டையோட்டில் பிச்சை எடுக்கிற சைவச் சாமியாரை, மேடையேற்றியிருக்கிறான். தொலைந்த கபாலத்துக்காக அவன் பௌத்த பிக்குவோடு மல்லுக்கு நிற்பான், தூக்கிப் போனதோ ஒரு நாய். சாமியாரைக் கேலி செய்வது நேற்று வந்த நாகரிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, பயணம். சேலத்திலிருந்து தர்மபுரி வரை பஸ்ஸில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து ஏறிய டவுன் பஸ்தான் படுத்தி எடுத்துவிட்டது. பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் கிடையாது, தம்பிக்கு மட்டும்தான், அந்த வகையில் லாபம். ஆனால் ஜன்னல் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு புழுதி முழுக்க எங்கள் மேல். இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் ஆறேழு கிலோமீட்டருக்கு 600 ரூபாய் கேட்டார். "திருவிழா நேரம் அக்கா" என்றார். பேரம் பேசி 400 கொடுத்தோம். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு 30 ரூபாய்! இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு ஒரே சவாரியில் போயிருக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கோபத்தைத் தணித்தது களி. கோயிலுக்கு எதிர்ச் சந்தில் ஒரு அம்மா வீட்டு வாசலிலேயே கடை போட்டிருந்தார். ஆவி பறக்கிற ராகிக் களி உருண்டை, நடுவில் குழி, அதில் மொச்சைக்கொட்டைக் குழம்பு, ஓரமாகக் கீரைக் கடைசல். "மெல்லாத கண்ணு, அப்படியே முழுங்கு" என்று சொல்லிக் கொடுத்தார். 40 ரூபாய். ஊரில் நான் சாப்பிடுகிற எந்த ஹோட்டல் சாப்பாடும் இதற்குப் பக்கத்தில் வராது.

ராத்திரி திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து, அர்ச்சுனன் தபசு. முகவீணை என்கிற சின்ன நாயனமும் மிருதங்கமும் ஆரம்பித்ததும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஜோசியச் சாமியாராக வந்தான். தோஷம் தீர ஆடு வேண்டும் என்றான். ஆடு இல்லை என்றதும் கோழி. கோழியும் இல்லை என்றதும் படி அரிசி. அதுவும் இல்லை என்றதும், "அப்போ உனக்குத் தோஷமே இல்ல, போ!" கூட்டம் உருண்டது. முன்வரிசையில் பூசாரியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விடியும் நேரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் ஏறி மேலிருந்து பழங்களை எறிந்தபோது, முன்பு சிரித்த கூட்டத்துப் பெண்களே பிள்ளை வரம் கேட்டு முந்தானை விரித்துக் காத்து நின்றார்கள். இவர்களுக்குப் பக்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்? அம்மனை நம்புகிறார்கள். அம்மன் பெயரைச் சொல்லித் தட்டில் கை வைக்கிறவனைக் கேலி செய்கிறார்கள். தேரின் கீழ் வரிசையும் அதைத்தான் செய்கிறது.

அதனால்தான் மறுநாள் பார்த்தது பொறுக்கவில்லை. தேரின் பின்பக்கத்தில் சில பழைய பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தாமரைப் பூ டிசைன் அடித்திருக்கிறார்கள். கழற்றியவை கொட்டகைக்குப் பின்னால் உடைந்த ஓடுகளோடு கிடக்கின்றன. கள் மொந்தையைத் தூக்கிக் குடிக்கிற ஒரு சந்நியாசி, முகத்தில் பாதி கரையான் அரித்துக் கிடந்தார். "பார்க்க அசிங்கமா இருக்குன்னு யாரோ பெரிய மனுசங்க சொன்னாங்களாம் கண்ணு" என்றார் பூசாரி. அசிங்கம் என்ன இதில்? யாளியும் மரம்தான், மொந்தையும் மரம்தான். செதுக்கிய கை ஒன்று. பக்தியின் பெயரால் பாதியைப் பெயர்த்து எறிவது திருட்டுக் கும்பல் செய்வதைவிட எந்த விதத்தில் மேல் என்று எனக்குப் புரியவில்லை. பலகைகளை மண்டபத்துக்குள்ளாவது எடுத்து வையுங்கள் என்று கெஞ்சினோம். பூசாரி அப்போதே இரண்டை உள்ளே தூக்கி வந்தார், மூன்றாவதற்குத் தம்பி கை கொடுத்தான்.

இந்த ஊரின் பெயர் தெரியாவிட்டாலும் தர்மபுரிப் பக்கம் வந்தால் பார்க்க நிறைய இருக்கிறது. கோட்டைக் கோயிலில் காமாட்சி அம்மன் சந்நிதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணம் சின்னச் சின்னக் கல் சிற்பங்களாக ஓடுகிறது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியங்கள். அப்புறம், எந்த ஊர்த் தேரைப் பார்த்தாலும் கீழ் வரிசைக்கு டார்ச் கொண்டு போங்கள், படம் எடுத்து வையுங்கள், பலகை கழன்று கிடந்தால் கேளுங்கள். தர்மபுரியில் சாதாரண லாட்ஜ் 700 ரூபாய்க்குக் கிடைத்தது, பாத்ரூம் மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளவும். ஆட்டோவுக்கு 150க்கு மேல் கொடுக்காதீர்கள்.