தழுவிய கைகளே தூக்கிய உடல்

ஷேக்ஸ்பியரின் ‘கொரியோலானஸ்’ நாடகத்தை அண்மையில் மறுபடி படித்தபோது, ரோமானிய அரசியலைவிட, இரு பகைவர்களுக்கு இடையே ஓடும் விசித்திரமான மோகமே என் மனத்தில் தங்கியது. ரோமின் வீரன் மார்சியசும் (கொரியோலானஸ் என்பது இவனுக்குப் பின்னர் கிடைக்கும் பட்டப்பெயர்), ரோமின் பகை இனத்தவரான வால்சியர்களின் தளபதி ஆஃபிடியசும் ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள். ஆயினும் தான் தானாக இல்லாதிருந்தால் ஆஃபிடியசாக இருக்கவே ஆசைப்பட்டிருப்பேன் என்று முதல் காட்சியிலேயே மார்சியஸ் சொல்லிவிடுகிறான்.

என்னைப் பொறுத்தவரை நான்காம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. சொந்த நகரத்தால் துரத்தப்பட்ட மார்சியஸ், எளிய உடையில் முகத்தை மறைத்துக்கொண்டு, வால்சியர்களின் நகரான ஆன்ட்டியத்தில் விருந்து நடக்கும் ஆஃபிடியசின் வீட்டுக்குள் நுழைகிறான். வேலையாட்கள் அவனை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். ஆஃபிடியஸ் வந்து பெயர் கேட்கிறான். முகத்தைக் காட்டிய பிறகும் அடையாளம் தெரியாமல் திரும்பத் திரும்ப, மொத்தம் 5 முறை கேட்கிறான். களத்தில் அத்தனை நெருக்கத்தில் பார்த்த முகம், கவசமும் குருதியும் இல்லாமல் வந்து நின்றதும் அவனுக்கு அந்நியமாகிவிட்டது.

பெயர் தெரிந்ததும் அவன் பேச்சு மடை திறக்கிறது. தன் ஈட்டி நூறு முறை மோதி முறிந்த அந்த உடலைக் கட்டித் தழுவுகிறான். மணமுடித்த மனைவி முதன்முதலாக வாசற்படி தாண்டி வந்தபோதுகூட நெஞ்சு இப்படித் துள்ளவில்லை என்கிறான். இரவுதோறும் கனவில் இருவரும் கட்டிப் புரண்டு, தலைக்கவசம் கழற்றி, குரல்வளையைப் பற்றியதாகவும், விழித்தால் ஒன்றுமில்லாமல் பாதி உயிராகக் கிடந்ததாகவும் சொல்கிறான். மார்சியசிடம் 12 முறை தோற்றதாகவும் கூறுகிறான். முதல் அங்கத்தில் அவனே சொன்ன கணக்கு 5தான்! இடையில் அவர்கள் மோதியதாக நாடகத்தில் எதுவும் இல்லை. தன் தோல்விகளைக் கூட்டிச் சொல்லிப் பூரிக்கும் வீரனை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஷேக்ஸ்பியருக்கு மூலமாக அமைந்த, 1579-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த, பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாற்று நூலில், ஆஃபிடியஸ் மகிழ்ந்து கையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. தழுவலும் மணப்பெண்ணும் கனவும் நாடகாசிரியர் சேர்த்தவை. இது வெறும் வீர மரியாதைதான் என்று வாதிடுவோருக்கு ஒரு வேலைக்காரனே பதில் சொல்லிவிடுகிறான்: நம் தளபதி அவரைக் காதலியைப் போலல்லவா நடத்துகிறார்!

ஆனால் எதிரியாக இருந்தவரை நிலைத்த அந்த மோகம், அவன் கூட்டாளியானதும் இரண்டே காட்சிகளில் புளித்துப்போகிறது. வால்சியப் படைவீரர்கள் உணவுக்கு முந்தைய வேண்டுதலைப்போல மார்சியசின் பெயரைச் சொல்வதாகத் துணைத்தளபதி முறையிடும்போது, ஆஃபிடியசின் மனத்தில் கொலைக்கணக்கு தொடங்கிவிட்டது. வால்சியப் படையோடு ரோம்மீது போர் தொடுத்து, பின் தாயின் கண்ணீருக்கு இளகி அதைத் தாக்காமல் விட்டுவிட்ட மார்சியசை, அழும் சிறுவன் என்று ஊரறிய ஏசி, சதிகாரர்கள் அவனை வெட்டி வீழ்த்தியதும் ஆஃபிடியஸ் அந்த உடல்மீது ஏறி நிற்கிறான்.

பிறகு சினம் வடிந்து துயரம் கவ்வ, உடலைத் தூக்க முதன்மையான வீரர்கள் மூவரை அழைக்கிறான்; நான்காவதாகத் தன் தோளையும் கொடுக்கிறான்.