மைலர் பையில அரிசி: எட்டு மாசம் கழிச்சு இறக்கிப் பார்த்தேன், ஆறுல ரெண்டு போச்சு

சித்திரைல அரிசி போட்டுக் கட்டி வச்ச ஆறு மைலர் பையையும் (காத்து புகாத பளபள பிளாஸ்டிக் பை) போன வாரம் அலமாரில இருந்து இறக்கினேன். நாலு பை செங்கல் மாதிரி இறுகி, உள்ள இருக்க அரிசி ஒவ்வொண்ணும் வெளிய புடைச்சுத் தெரியுது, தட்டினா டொக்குனு சத்தம். ரெண்டு பை தொளதொளன்னு இருந்துச்சு. அதுல ஒண்ணைப் பிரிச்சா வண்டு, அடியெல்லாம் மாவு. 14 கிலோ புழுங்கல், மனசே ஆறல.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னை பள்ளிக்கரணை பக்கம் எங்க தெருவுல தண்ணி நின்னப்ப பால் பாக்கெட் கூட கிடைக்காம, மாமியாருக்குக் கஞ்சி வைக்க இருந்த அரிசிய அளந்து அளந்து போட்டோம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஒரு மாச அரிசி எப்பவும் வீட்ல இருக்கணும். நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம், 30 நாள்னா 42 கிலோ. பைக்கு 7 கிலோ, கூட 1000 சிசி ஆக்சிஜன் அப்சார்பர் (பைக்குள்ள இருக்க ஆக்சிஜனை உறிஞ்சற சின்ன பாக்கெட்) ரெண்டு.

அப்சார்பர் மேல தப்பில்ல, அது வந்த கவர்ல ஆக்சிஜன் பட்டா நீலமாகற ரோஸ் மாத்திரை ஒண்ணு இருக்கும், அது நீலமாகல. சீல்தான் விட்டுடுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஓட்டை எதுவும் இல்ல. அப்புறம் பைய கன்னத்துக்கிட்ட வச்சு மெதுவா அமுக்கினேன், வாய் ஓரத்துல சின்ன சுருக்கம் வழியா காத்து சில்லுனு பட்டுச்சு. 7 கிலோ அடைச்சதுல வாய் தட்டையா படியவே இல்ல, அந்த மடிப்பு மேலயே அயர்ன் பாக்ஸ ஓட்டிட்டேன். இன்னொரு பையில சீல் கோட்டுக்குள்ள வெள்ளையா தவிட்டுத் தூசி, அது இருந்தா பிளாஸ்டிக் ஒட்டவே ஒட்டாது.

இப்ப 6 கிலோதான் போடறேன், ஏழு பை, மேல நாலு விரக்கடை காலி. வாய் உள்பக்கத்த காஞ்ச துணியால ரெண்டு தடவ துடைக்கறேன். வீட்டுக்காரர் ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிக்க, பொண்ணோட ஹேர் ஸ்ட்ரெய்ட்னரால கவ்வி அஞ்சு அஞ்சு செகண்டா நகத்தறேன், ஆறினதும் ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு. அயர்ன் பாக்ஸ விட ஆயிரம் மடங்கு தேவலாம், ரெண்டு பக்கமும் ஒரே சூடு. நேத்து போட்ட மூணு பையும் காலைலயே இறுகிடுச்சு!

புதுசா இப்படி அடைக்க ஆரம்பிக்கறவங்களுக்கு ஒண்ணு மட்டும், ஈரம் இருக்க அரிசிய இப்படி அடைக்கவே அடைக்காதீங்க, காத்தில்லாத ஈரத்துல விஷக்கிருமி வளரும். நான் ரெண்டு நாள் நிழல்ல ஃபேன் போட்டு ஆத்தி, கடிச்சா டக்குனு உடையுதான்னு பார்த்துட்டுதான் போடறேன். வெயில்ல போட்டா வெடிச்சு நொய்யாயிடும்.

பை வாங்கறப்ப தடிமன் கேட்டு வாங்குங்க, நான் முதல்ல ஆன்லைன்ல வாங்கின மலிவுப் பைய லைட்டுக்கு நேரா பிடிச்சா வெளிச்சம் தெரிஞ்சுது, திருப்பி அனுப்பிட்டேன். சர்க்கரைக்கு அப்சார்பர் போடாதீங்க, பாறையாயிடும்.

இன்னும் நாலு பை பாக்கி, அதுக்குள்ள சித்தி ஊர்ல இருந்து செம்மண் கட்டுன துவரை 10 கிலோ அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க. அதையும் பையில போடறதா, இல்ல பழைய எவர்சில்வர் தூக்குல வசம்பு போட்டு வைக்கறதா? பாதி பாதி வச்சு ஆடி மாசம் பிரிச்சுப் பார்க்கப் போறேன்.